வானியல் மன்றத்தின் அன்றாட வேலைகள்: சேலத்து ஆர்வலர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சேலத்தில் வானம் பார்க்கும் ஆர்வமுள்ள பத்துப் பேர் ஒன்றுகூடினால், எந்தத் தொலைநோக்கியை வாங்கலாம் என்பதே முதல் பேச்சாக இருக்கும். அந்தப் பேச்சைச் சில மாதங்கள் தள்ளிவையுங்கள். சொன்ன தேதியில் கூடுவதும், பணமும் பொருளும் யாரிடம் இருக்கின்றன என்பது எழுத்தில் இருப்பதுமே ஒரு மன்றத்தை ஆண்டுக்கணக்கில் நிலைநிறுத்துகின்றன என்பது என் உறுதியான கருத்து. அந்த வேலைகளை வரிசைப்படி கீழே விளக்கியிருக்கிறேன்.

முதல் வேலை: ஆண்டுக்கான தேதிகள்

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியை எடுத்து, ஆண்டு முழுவதற்குமான அமாவாசைகளையும் வளர்பிறை அஷ்டமிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். மாதத்துக்கு இரண்டு கூட்டங்கள் போதும். உறுப்பினர்களுக்கான இருள்வானக் கூட்டத்தை அமாவாசையன்றோ அதற்கு முன்போ வரும் சனிக்கிழமையில் வையுங்கள். அப்போது தேய்பிறை நிலவு பின்னிரவில்தான் எழும் என்பதால் முன்னிரவு முழுவதும் இருட்டாக இருக்கும். ஆடி, தை, மகாளய அமாவாசை நாள்களில் வீடுகளில் படையலும் தர்ப்பணமும் இருக்கும். சனிக்கிழமையிலேயே அவை அமைந்தால் கூட்டத்தை ஒரு வாரம் முன்னதாக நடத்துவதே முறை.

பொதுமக்களுக்கான நிகழ்ச்சியை வளர்பிறை சப்தமி, அஷ்டமியை ஒட்டி வையுங்கள். அப்போது நிலவின் ஒளி-இருள் எல்லைக்கோட்டில் சூரிய ஒளி சாய்வாக விழுவதால், பள்ளங்களின் விளிம்புகள் நிழலோடு எடுப்பாகத் தெரியும். பௌர்ணமி நிலவில் நிழலே இல்லாததால், முதன்முறை பார்ப்பவர்கள் ஏமாற்றத்துடன் திரும்புவார்கள். மேலும், அரைநிலவு மாலையிலேயே உச்சிவானத்தை ஒட்டி நிற்பதால், ஒன்பது மணிக்குள் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேலத்தை நனைப்பதால், வெளி நிகழ்ச்சிகளை ஜனவரி முதல் மே வரை அடர்த்தியாக வைத்து, மழை மாதங்களைக் கருவிப் பராமரிப்புக்கும் பயிற்சி வகுப்புக்கும் ஒதுக்குங்கள். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்து வருவதற்கும் ஆண்டில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவியே தேவைப்படாத நாள்களும் உண்டு. சேலத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11.65 பாகை என்பதால், ஏப்ரல் 20, 21-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் பகல் 12.15 முதல் 12.21-க்குள் சூரியன் தலைக்கு நேர்மேலே வரும். நேராக நட்ட குச்சியின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். புதிய மன்றத்தின் முதல் பொது நிகழ்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. 2027 ஆகஸ்ட் 2 அன்று மாலை சேலத்திலும் பகுதி சூரிய கிரகணம் உண்டு. 2031 மே 21 அன்று மதுரைப் பகுதியில் சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண கிரகணமும் இங்கே பகுதி கிரகணமும் தெரியும். இவற்றை இப்போதே எழுதிவைத்தால் சூரிய வடிகட்டிகளைக் கடைசி வாரத்தில் தேடி அலைய வேண்டியிருக்காது.

இரண்டாவது வேலை: இடம்

நகருக்குள் ஒரு பள்ளி மைதானமும் மலையில் ஓர் இருண்ட இடமும் வேண்டும். மலை என்றதும் எல்லோரும் ஏற்காட்டின் லேடீஸ் சீட்டைச் சொல்வார்கள். அங்கிருந்து கீழே தெரியும் சேலத்து விளக்குகளே அந்த இடம் நமக்கு ஆகாது என்பதற்குச் சான்று. ஏற்காட்டுக்குத் தென்மேற்கே சேலம் இருப்பதால், நகரின் ஒளிப்படலம் தெற்கிலும் தென்மேற்கிலும் அடிவானத்தை ஒட்டிப் படிந்திருக்கும். நம் அட்சரேகைக்குக் கிடைத்த பேறு தெற்கு வானம்தான். ஆனால் அகத்திய விண்மீன் (கனோபஸ்) உச்சத்திலேயே அடிவானத்திலிருந்து 26 பாகைக்கு மேல் ஏறாது. ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து 31 பாகையோடு நின்றுவிடும். எனவே நகரத்து வெளிச்சத்தை ஒரு முகடு மறைக்கும்படியான, தென்கிழக்கு திறந்திருக்கும் இடமாகத் தேடி, இவை தென்கிழக்கில் ஏறிவரும்போதே பார்த்துவிடுங்கள்.

எஸ்டேட் நிலமென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வனத்துறை நிலமென்றால் அந்தத் துறையின் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் பாதைகளில் வண்டிகளை நிறுத்தி வேலையாட்களுக்கு இடையூறு செய்யக் கூடாது. கழிப்பறை இல்லாத இடத்தை, வானம் எவ்வளவு இருண்டிருந்தாலும், ஒதுக்கிவிடுங்கள். பெண்கள் வராத மன்றமாக அது சுருங்கிப்போகும்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் இருட்டுமுன் ஏறி, பொழுது விடிந்தபின் இறங்குவதை விதியாகவே எழுதிவையுங்கள். நள்ளிரவில் தூக்கக் கண்ணோடு வண்டி ஓட்டுவதும், வளைவில் காட்டுமாடு நிற்பதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வருபவர்களின் பெயர், வீட்டார் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய தாளின் ஒரு படி மலைக்கு வரும் பொறுப்பாளரிடமும், மற்றொன்று சேலத்தில் இருக்கும் ஒருவரிடமும் இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் கடிதம் கட்டாயம்.

சேலத்தில் வானம் தெளிவாக இருக்கும் நாளில்கூட, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கியிருக்கலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் செயற்கைக்கோள் மேகப் படத்தைப் பார்த்தும், மலையில் தெரிந்தவரைத் தொலைபேசியில் கேட்டும், பயணம் உண்டா இல்லையா என்பதைப் பிற்பகல் இரண்டு மணிக்குள் ஒருவர் மட்டும் முடிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் அறிவிக்கட்டும். பத்துப் பேர் கூடி விவாதித்தால் பொழுது சாய்ந்துவிடும்.

மூன்றாவது வேலை: பொறுப்பும் பணமும்

தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரைத் தேர்ந்தெடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பணம் புழங்கத் தொடங்கியதும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். வங்கிக் கணக்கு மன்றத்தின் பெயரிலும், இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கும்படியாகவும் இருக்கட்டும். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வவுச்சர் என்பதில் விலக்கே வேண்டாம். பயணத்துக்கான வேன் வாடகையைச் சந்தாப் பணத்தோடு கலக்காமல், அந்தப் பயணத்துக்கென்று தனியாக வசூலித்து, ஒரு வாரத்துக்குள் கணக்கை முடித்து எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

நான்காவது வேலை: கருவிகளும் இரவலும்

முதலில் 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. முகப்பு வில்லை) இரண்டும், பின்னர் 6 அல்லது 8 அங்குல ஆடியும் கையால் திருப்பும் எளிய தாங்கியும் கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்றும் போதும். துருவ விண்மீன் இங்கே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 12 பாகை உயரத்தில், பெரும்பாலும் மரத்துக்கோ மலைக்கோ பின்னால் மறைந்திருப்பதால், அதை நோக்கி ஒழுங்குசெய்ய வேண்டிய தாங்கிகள் தொடக்கத்தில் வேண்டாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் எண் ஒட்டி இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். இரவல் கொடுக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் இருவரும் சேர்ந்து சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் வில்லைக் குழலை) விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் கீறல்தான் தெரியும். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துக் கண்ணாடியின் உட்புறத்தைப் பார்த்தால்தான் சிலந்தி நூல் போன்ற மெல்லிய பூஞ்சை இழைகள் தெரியும். மலையின் ஈரத்தில் நனைந்த ஐபீஸை உடனே மூடிப் பெட்டிக்குள் வைப்பதால்தான் இது பிடிக்கிறது. காற்றில் நன்றாக உலர்த்தியபின், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லை வாங்கினால், நிறம் மாறியதும் எடுத்துச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். தொலைநோக்கியின் ஆடியை ஆர்வக் கோளாறில் அடிக்கடி துடைக்காதீர்கள். மெல்லிய தூசியைவிடத் துணியே அதற்கு அதிகக் கேடு செய்யும்.

ஐந்தாவது வேலை: பள்ளி நிகழ்ச்சி

தலைமையாசிரியர் எத்தனை மாணவர்கள் என்று கேட்பதற்கு முன்பே நீங்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஒருவருக்கு நாற்பது நொடி என்றால், ஒரு தொலைநோக்கியில் ஒரு மணி நேரத்துக்குத் தொண்ணூறு பேர். குட்டைப் பிள்ளைகள் முக்காலியில் ஏறி இறங்குவதையும் சேர்த்தால் அறுபது பேர்தான் பார்க்க முடியும். நூறு மடங்கு உருப்பெருக்கத்தில் ஏறத்தாழ அரைப் பாகை வானமே தெரிவதால், டாப்சோனியனில் வைத்த பொருள் இரண்டே நிமிடத்தில் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். இரண்டு பிள்ளைகளுக்கு ஒருமுறை இயக்குபவர் குனிந்து சரிசெய்தே ஆக வேண்டும். வரிசையில் காத்திருப்பவர்களுக்கு வெறுங்கண்ணால் விண்மீன்களைக் காட்டிப் பேச இன்னொருவர் வேண்டும். டார்ச்சுகளுக்குச் சிவப்பு செலோபேன் தாள் சுற்றுங்கள். வெள்ளை வெளிச்சம் பட்ட கண் இருட்டுக்கு மறுபடி பழக இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும்.

பகலில் சூரியனைக் காட்டுவதாக இருந்தால், தரச்சான்று பெற்ற வடிகட்டி தொலைநோக்கியின் முன்முனையில் இறுகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்; ஃபைண்டரை (குறிபார்க்க உதவும் பக்கத்துச் சிறு தொலைநோக்கியை) மூடிவிட வேண்டும்; கருவியை ஒரு நொடிகூட ஆளில்லாமல் விடக் கூடாது.

ஆறாவது வேலை: கூர்நோக்குப் பதிவு

ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, இந்திய நேரம், இடம், கருவி, உருப்பெருக்கம், வானத்தின் தெளிவு, பார்த்த பொருள், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளி விண்மீனை (ஒளி கூடிக் குறையும் விண்மீன்) கண்டறிந்தது இப்படி இரவுதோறும் அளந்து எழுதிவந்த பணியினூடேதான். மாறொளி விண்மீன்களின் ஒளியைப் பைனாகுலரால் மதிப்பிட்டுப் பதிவது இன்றும் ஒரு சிறு மன்றத்தால் அறிவியலுக்குச் செய்யக்கூடிய உண்மையான பங்களிப்பு.

ஆண்டு இறுதியில் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த வரவு-செலவையும் கருவிகளின் பட்டியலையும் படித்துக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். புதிய செயலாளரிடம் பொறுப்பைக் கொடுக்கும் நாளில் ரசீதுப் புத்தகம், தீர்மானப் புத்தகம், இருப்புப் பதிவேடு, இரவல் பதிவேடு, கூர்நோக்குப் பதிவு, அடுத்த ஆண்டுத் தேதிகள் எழுதிய தாள் ஆகியவற்றை ஒரே பையில் வைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.