ஜாஸ் காலத்துப் பகட்டு உடை: ஆண் கதாபாத்திரங்களுக்கு உடுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாஸ் காலம் எனப்படும் 1920களின் அமெரிக்காவை மேடையிலோ குறும்படத்திலோ காட்ட முற்படுவோர் பலர், திணிப்பு வைத்த அகன்ற தோளும் முழங்கால் வரை தொங்கும் கோட்டும் கொண்ட ஜூட் சூட்டை நாயகனுக்கு மாட்டிவிடுகின்றனர். அது 1930களின் பிற்பகுதியில் தோன்றி, 1940களில் உச்சம் கண்ட உடை. போர்க்காலத் துணிக் கட்டுப்பாட்டை மீறியதாகக் கருதப்பட்ட அந்த உடைக்காகவே, 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் கடற்படையினரால் தாக்கப்பட்டனர். அதை ஜாஸ் காலத்தில் சேர்ப்பது இருபது ஆண்டுக் குழப்பமாகும்.

அந்தப் பத்தாண்டு முழுவதையும் ஒரே பாணியாக எண்ணுவதும் தவறுதான். தொடக்கத்தில் இளைஞர்களைக் கவர்ந்த ஜாஸ் சூட், இடுப்பை இறுக்கிப் பிடித்த கோட்டும் ஒடுங்கிய கால்சட்டையுமாக இருந்தது. 1925 அளவிலோ, ஆக்ஸ்போர்டு மாணவர்களிடமிருந்து பரவிய ஆக்ஸ்போர்டு பேக்ஸ் என்ற அகன்ற கால்சட்டை அதற்கு நேர்மாறாகத் தளர்ந்து தொங்கியது. விளம்பரப் படங்களில் காணும் 40 அங்குலக் கால்சுற்றளவை எல்லோரும் அணிந்ததாகக் கொள்ளக் கூடாது. தொடக்ககாலக் கால்சட்டைகள் ஏறத்தாழ 22 அங்குலமே இருந்தன. வகுப்பில் தடைசெய்யப்பட்ட, முழங்காலுக்குக் கீழே உப்பித் தொங்கும் பிளஸ் ஃபோர்ஸ் என்ற குட்டைக் கால்சட்டையை மறைக்கவே இவை பிறந்தன என்ற கதை சுவையானது. ஆனால் அத்தனை துணியை 22 அங்குலக் காலுக்குள் எப்படித் திணிப்பது என்று எந்தத் தையற்காரரும் கேட்பார்.

கருப்பு வெள்ளைப் புகைப்படங்களைப் பார்த்து அனைத்தையும் சாம்பல் நிறத்தில் தைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பிழை. ஆக்ஸ்போர்டு பேக்ஸ் இளம் ஊதாவிலும் வெளிர் பச்சையிலும்கூட விற்கப்பட்டன; வேல்ஸ் இளவரசர் எட்வர்டு 1922இல் கோல்ஃப் திடலில் அணிந்த ஃபேர் ஐல் ஸ்வெட்டரின் பல வண்ணக் கோலங்களே அதைப் புகழ்பெறச் செய்தன.

கால்சட்டையில் ஜிப் கூடாது, பொத்தான்களே வேண்டும். இடுப்பு, தொப்புள் மட்டத்துக்கு உயர வேண்டும்.

தொப்பிக்கும் பருவம் உண்டு. செப்டம்பர் 15க்குப் பிறகு வைக்கோல் தொப்பி அணிவது ஆகாது என்ற வழக்கம் நியூயார்க்கில் அத்தனை கடுமையாக இருந்தமையால், 1922இல் அந்நாளுக்கு இரண்டு நாள் முன்பே இளைஞர்கள் கூட்டமாகத் தொப்பிகளைப் பறித்து மிதிக்கத் தொடங்க, கலவரம் பல நாள் நீடித்தது. எனவே அக்டோபர் மாதக் காட்சியில் நாயகனுக்கு ஃபெல்ட் தொப்பியே பொருந்தும்.