பௌச் அப்புறம், முதலில் பெல்ட்

என் அக்கா மகன் பாங்காக்கில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து ஐபிஎஸ்சி என்ற, ஓடி நகர்ந்து சுடும் முறை பிஸ்டல் போட்டிகளில் சுட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. போன டிசம்பரில் குன்னூருக்கு லீவில் வந்தவன், பையைத் திறந்து ஆறு மேகசின் பௌச்சுகளை, அதாவது தோட்டா அடைத்த மேகசினை இடுப்பில் மாட்டி வைக்கும் உறைகளை, மேஜை மேல் பரப்பினான். நாலு ஒரு கம்பெனி, இரண்டு வேறு கம்பெனி. ஒவ்வொன்றையும் வீடியோ பார்த்துப் பார்த்து வாங்கியதாம்.

"பெல்ட் எங்கடா மாப்ளே?" என்றேன்.

சட்டையைத் தூக்கி, ஆபீசுக்குப் போட்டுப் போகும் பெல்ட்டைக் காட்டினான். "இதுலேயே மாட்டிக்கலாம் மாமா."

புதிதாக வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு இதுதான். ராணுவத்தில் எனக்கு 22 வருஷம், அதில் பாதி ஆயுதப் பயிற்சி கொடுக்கும் உஸ்தாதாகப் போனது. பௌச் சரியில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்குச் சரியில்லாமல் இருந்தது பெல்ட்.

ஒலிம்பிக்கில் பார்க்கும் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் நின்ற இடத்தில் நின்று ஐந்து ஐந்து ரவுண்டாக (தோட்டாவாக) சுடுவார்கள். அங்கே பௌச்சுக்கு வேலையே இல்லை. 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் தொடங்கிய ஐபிஎஸ்சி வேறு மாதிரி. ஓட வேண்டும், சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிச் சுட வேண்டும், நகர்ந்துகொண்டே மேகசின் மாற்ற வேண்டும். எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்துத்தான் மதிப்பெண். மேகசின் ஒரு நொடி சிக்கினாலும் அது கணக்கில் வந்துவிடும்.

இடுப்பில் எவ்வளவு தொங்கப் போகிறது என்று பாருங்கள். 9 மி.மீ. ரவுண்டு ஒன்று ஏறக்குறைய 12 கிராம். 15 ரவுண்டு போட்டால் 180 கிராம், காலி மேகசினையும் சேர்த்தால் கால் கிலோ. நாலு மேகசின் ஒரு கிலோ. போட்டிக்காரர்களுக்குப் பிடித்த சி.இசட். (CZ) ஷேடோ 2 மாதிரி இரும்புத் துப்பாக்கி என்றால் அது மட்டும் 1.3 கிலோ. ஆபீஸ் பெல்ட் இதைத் தாங்காது. அறுந்து விழாது, முறுக்கிக்கொள்ளும். பௌச்சின் தலை வெளிப்பக்கம் சாயும். மேகசினை உருவினால் பௌச்சும் பெல்ட்டும் சேர்ந்து மேலே வரும். ஒவ்வொரு தடவையும் மேகசின் வேறு வேறு இடத்தில் இருந்தால் கை எப்படிப் பழகும்?

போட்டிக்கென்று விற்கும் பெல்ட் இரண்டு அடுக்கு. மெல்லிய உள் பெல்ட்டைப் பேண்ட் லூப்புகளில் கோர்த்துக்கொள்ள வேண்டும். பலகை மாதிரி விறைப்பான, ஒன்றரை இஞ்ச் அகல வெளி பெல்ட் அதன் மேல் வெல்க்ரோவால் ஒட்டிக்கொள்ளும். ஹோல்ஸ்டரும் (துப்பாக்கி உறை) பௌச்சும் வெளி பெல்ட்டிலேயே நிரந்தரமாக இருக்கும், அதனால் இடம் மாறாது. கையில் இருக்கும் பணத்துக்கு நல்ல பெல்ட்டும் இரண்டு பௌச்சும்தான் கிடைக்கும் என்றால் அதையே வாங்குங்கள். மீதிப் பௌச் அடுத்த மாசம் வாங்கிக்கொள்ளலாம்.

பெல்ட் அளவில் இரண்டு தப்பு நடக்கிறது. ஒன்று, பேண்ட் சைஸைச் சொல்லி ஆர்டர் போடுவது. பேண்டில் 34 என்று இருந்தால் இடுப்பு 34 என்று அர்த்தமில்லை. பேண்ட்டைப் போட்டு, உள் பெல்ட்டையும் கட்டி, அதற்கு மேல் டேப் பிடித்து அளக்க வேண்டும். இன்னொன்று மலைக்காரர்களுக்கே உரியது. டிசம்பர் குளிரில் உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், இரண்டையும் பேண்ட்டுக்குள் செருகிக்கொண்டு இவன் அளவெடுத்து இங்கேயே பெல்ட்டை வரவழைத்தான். "உடுப்பைக் கழட்டிட்டு எடுடா" என்றேன், கேட்கவில்லை. பாங்காக் போய் டி-ஷர்ட்டில் கட்டினால் பெல்ட் தொளதொள. எந்த உடுப்பில் சுடப் போகிறீர்களோ அந்த உடுப்பில் அளவெடுங்கள்.

ஸ்வெட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தில் கம்பளி நூல் எவ்வளவு சீக்கிரம் அடைந்துபோகும் என்று சமவெளிக்காரர்களுக்குத் தெரியாது. மூன்று நாள் வீட்டுக்குள் பழகியதிலேயே இவனுடைய புது பெல்ட்டின் உள்பக்கம் பூனை படுத்து எழுந்த ஜமுக்காளம் மாதிரி ஆகிவிட்டது. ஒட்டவேயில்லை. ஈருளிச் சீப்பால் வாரி எடுத்தோம், மறுபடியும் பிடித்துக்கொண்டது.

அப்புறம் பேண்ட். ஓட வசதி என்று டிராக் பேண்ட் போட்டுப் போகாதீர்கள். பேண்ட்டிலோ ஷார்ட்ஸிலோ தைத்த லூப்புகளில் குறைந்தது மூன்று, பெல்ட்டைப் பிடித்திருக்க வேண்டும் என்பது ஐபிஎஸ்சி விதி. ரெடிமேட் பேண்ட்டில் லூப்புகள் தள்ளித் தள்ளி இருக்கும், இடையில் பெல்ட் தொய்யும். குன்னூர் மார்க்கெட்டில் ஒரு தையல்காரரிடம் கொடுத்து, ஹோல்ஸ்டர் வரும் இடத்தில் ஒன்றும் பௌச் வரும் இடத்தில் ஒன்றும் கூடுதலாக வைக்கச் சொன்னோம். "மம்பட்டி ஏதும் தொங்கப் போகுதாங்க?" என்று கேட்டுவிட்டு இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தார்.

சரி, பௌச்சுக்கு வருவோம்.

எத்தனை வேண்டும் என்பது நீங்கள் சுடும் பிரிவைப் பொறுத்தது. ஐபிஎஸ்சியில் நீளமான ஸ்டேஜ், அதாவது ஒரே மூச்சில் சுட்டு முடிக்க வேண்டிய களம், அதிகபட்சம் 32 ரவுண்டு. ப்ரொடக்‌ஷன் பிரிவில் மேகசினுக்கு 15 ரவுண்டுதான் போடலாம். 32-ஐ 15-ஆல் வகுத்து, "மூன்று மேகசின் போதுமே" என்று நினைப்பது தப்பு. காலியாகும் வரை காத்திருந்து யாரும் மாற்றுவதில்லை. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஓடும்போதே, உள்ளே நாலைந்து ரவுண்டு மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடுவார்கள். குறி தப்பினால் கூடுதல் ரவுண்டு போகும், சிக்கினால் ஒரு மேகசினே போகும். அதனால் துப்பாக்கியில் ஒன்று, பெல்ட்டில் நாலு. கிளாசிக் பிரிவில் மேஜர் பவரில் (கூடுதல் பலமுள்ள தோட்டாவில்) சுடுபவருக்கு மேகசினுக்கு 8 ரவுண்டுதான், அவருக்கு ஐந்தாறு பௌச் நியாயம். ப்ரொடக்‌ஷனில் சுடும் இவனுக்கு நாலு போதும். மீதி இரண்டை அங்கே யாருக்கோ விற்றுவிட்டான்.

"எல்லா மேகசினுக்கும் பொருந்தும்" என்று சொல்லி விற்கும் பௌச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. இரட்டை வரிசை மேகசின் தடிமன், ஒற்றை வரிசை மெலிவு. நம் ஊரில் லைசென்ஸுக்குக் கிடைக்கும் .32 பிஸ்டலின் 8 ரவுண்டு மேகசினை 9 மி.மீ. இரட்டை வரிசைப் பௌச்சில் போட்டால் கிணற்றில் போட்ட கல்தான். (அந்த .32-ஐ வைத்துக்கொண்டு ஐபிஎஸ்சிக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. தோட்டாவின் எடையையும் வேகத்தையும் பெருக்கிக் கணக்கிடும் பவர் ஃபேக்டர் குறைந்தது 125 வேண்டும், .32 அதில் பாதியைத்தான் தொடும்.)

என்னைப் போன்ற பழைய பட்டாளத்துக்காரர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 மி.மீ. பிஸ்டல், 13 ரவுண்டு மேகசின், மூடி போட்டு பட்டன் வைத்த பௌச். கை அதற்கே பழகியிருக்கும். சேற்றில் தவழும்போது மேகசின் தொலையக் கூடாது என்பதற்காக வைத்த மூடி அது. போட்டியில் அந்த மூடியைத் திறக்கிற நேரத்தில் பக்கத்து ஆள் இரண்டு இலக்கை முடித்திருப்பான். இங்கே வாய் திறந்த பௌச்தான் வேண்டும். மேகசினைப் பிடித்து வைப்பது பக்கவாட்டில் இருக்கும் ஸ்க்ரூவின் இறுக்கம்.

அந்த இறுக்கத்தைக் காலி மேகசினை வைத்துச் சரிசெய்யக் கூடாது. காலியாக இருக்கும்போது கச்சிதமாக நிற்பது, கால் கிலோ ஆனதும் ஓட்டத்தில் எகிறி விழும். ஆனால் மேகசினையோ ரவுண்டையோ இவன் ஊருக்குக் கொண்டுவர முடியாது. 1959-ம் வருஷ ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் சேர்த்திதான். காலி மேகசின்தானே என்று பெட்டியில் போட்டு வந்தால் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். அதனால் இவன் அளவை மட்டும் எழுதி வந்தான். தச்சரிடம் சொல்லி சில்வர் ஓக் கட்டையில் நாலு துண்டு செதுக்கினோம். அடியில் துளை போட்டு, தூண்டிலுக்கு வாங்கும் ஈயக்குண்டை அடைத்து, காய்கறிக்கடைத் தராசில் 260 கிராம் வரும்வரை நிறுத்தோம். அதைப் பௌச்சில் போட்டு எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை ஐம்பத்து மூன்று படி ஏறி இறங்கச் சொன்னேன். முதல் தடவை இரண்டு விழுந்தது. ஆலன் கீயால் கால் சுற்று இறுக்கி மறுபடியும் ஓடினான், ஒன்று. இன்னும் கால் சுற்று. இப்போது விழவில்லை, இடது கையால் சுண்டி எடுத்தால் தயங்காமலும் வந்தது. அந்த இடத்தில் ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தோம். இல்லாவிட்டால் அதிர்வில் தளர்ந்துவிடும்.

மேகசின் திரும்பியிருக்க வேண்டிய திசையும் பலருக்குத் தெரிவதில்லை. வலது கைக்காரருக்குப் பௌச் இடது பக்கம், தோட்டாவின் மூக்கு பக்கிளைப் பார்த்து. உருவும்போது ஆள்காட்டி விரல் மேகசினின் முன்பக்கம் நீள வாக்கில் படிய வேண்டும், அந்த விரல்தான் துப்பாக்கியின் வாய்க்கு வழிகாட்டுகிறது. பௌச்சுகளை ஒட்டி ஒட்டி வைத்தால் விரலுக்கு இடமிருக்காது.

எங்கே மாட்டுவது என்பதில் ஆசை வேறு, விதி வேறு. கைக்கு எட்ட வேண்டும் என்று எல்லாரும் முன்னால் கொண்டுவருவார்கள். ப்ரொடக்‌ஷன் பிரிவில் எல்லாமே இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். உடம்புக்கும் மேகசினின் நடுப்பகுதிக்கும் இடைவெளி 50 மி.மீ. தாண்டக் கூடாது. வீடியோவில் ஒருவர் பக்கிளுக்குப் பக்கத்தில் காந்தத்தில் மேகசினை ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்து இவனும் காந்தம் வாங்கியிருந்தான். அவர் சுடுவது ஓபன் பிரிவு, அங்கே இந்தத் தடை இல்லை. இவனுடைய காந்தம் இப்போது எங்கள் ஃபிரிட்ஜில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தோல் பௌச் அழகுதான், ஆனால் குன்னூரில் வைத்திருக்க லாயக்கில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் இருக்கும் ஷூவுக்கே பூசணம் பிடிக்கும் ஊர் இது. ஈரத்தில் தோல் ஊறி மேகசினைக் கவ்விக்கொள்ளும், காய்ந்தால் தளரும், நீங்கள் வைத்த இறுக்கம் நிற்காது. பித்தளைத் தோட்டாவைத் தோலுக்குள் வைத்தே விட்டால் பச்சைக் களிம்பும் ஏறும். பாலிமரோ கைடெக்ஸோ (இரண்டும் பிளாஸ்டிக் வகை) வாங்குங்கள், துணியால் துடைத்தால் போதும். வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் மட்டும் கைடெக்ஸைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் வளைந்துவிடும்.

ஜனவரியில் இவன் கிளம்பும்போது மரத் துண்டுகளையும் பையில் வைக்கப் போனான். ஈயம் அடைத்த, மேகசின் வடிவக் கட்டையை எக்ஸ்ரேயில் பார்த்தால் என்ன கேள்வி வரும் என்று அக்காதான் பிடுங்கி வைத்தாள். இரண்டு அலமாரியில் இருக்கிறது. இரண்டு மேட்டுப்பாளையம் காற்று அடிக்கும்போது சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.