வெளிநாட்டு ஆய்வுக் கருவிக்குச் சுங்கச் சலுகை: முதல்முறை வாங்குவோருக்கு

திட்டத்துக்குப் பணம் வந்தாயிற்று, ஜெர்மனியிலிருந்து ஒரு நுண்ணோக்கி வாங்க வேண்டும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் அபிஷேகப்பட்டியில் உள்ள எங்கள் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் இந்த நேரத்தில்தான் என்னைத் தேடி வருவார்கள். “சார், யூனிவர்சிட்டிக்கு டியூட்டி கிடையாதுல்லா?” என்பதுதான் முதல் கேள்வி. வரி உண்டு. குறைவு, அவ்வளவுதான்.

முதலில் கணக்கைப் போடுங்கள். 51/96 என்று எல்லாரும் சொல்லிப் பழகிய சுங்கத் துறை அறிவிக்கையின்படி ஆய்வுக் கருவிகளுக்கு அடிப்படைச் சுங்க வரி 5%. அந்த வரித் தொகையின் மேல் 10% சமூகநலக் கூடுதல் வரியும் சேர்ந்தால் 5.5%. அப்புறம் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் சரக்கு, சேவை வரி. பல்கலைக்கழகங்களுக்கு 2017 நவம்பரில் கிடைத்த 5% சலுகை 2022 ஜூலை 18-ஆம் தேதியோடு போய்விட்டது. இப்போது பெரும்பாலான கருவிகளுக்கு 18%. விலை, சரக்குக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்து 10 லட்சம் ரூபாய் என்றால், சுங்கம் 55,000. ஐஜிஎஸ்டி 10,55,000-க்குப் போடுவார்கள், அது 1,89,900. மொத்தம் 2,44,900 ரூபாய். இந்தக் கால்வாசியைப் பட்ஜெட்டில் எழுதாமல் விட்டவர்கள் கடைசியில் உதிரிபாகங்களை வெட்டித்தான் சரிக்கட்டினார்கள். ஆராய்ச்சிக்கு அது பெரிய இழப்பு.

கருவியின் எச்.எஸ். கோடையும், அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்ணையும், இப்போதே கேட்டுவிடுங்கள். நுண்ணோக்கி 9011, எலக்ட்ரான் நுண்ணோக்கி 9012. சில கருவிகளுக்குச் சாதாரண வரியே 5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். அப்போது சலுகைக்காக அலையவே வேண்டாம்.

அடுத்து, டிஎஸ்ஐஆர் பதிவு. டெல்லியில் உள்ள அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சித் துறை தரும் சான்று இது. நகல் பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அந்தப் பெயரிலேயே ஆர்டர் போக வேண்டும். முடியும் தேதியையும் பாருங்கள்.

மூன்றாவதுதான் பலரும் தடுக்கி விழும் இடம்: நிறுவனத் தலைவரின் சான்றிதழ். கருவி ஆராய்ச்சிக்கு மட்டுமே தேவைப்படுகிறது என்று ஒவ்வொரு இறக்குமதிக்கும் தனியாக அவர் கையெழுத்திட வேண்டும். போன வருடத்து நகல் செல்லாது. அறிவிக்கைகள் அவ்வப்போது மாறுவதால், நடப்பில் உள்ள எண்ணைக் கிளியரிங் ஏஜென்டிடம் (சுங்கத்தில் நம் சார்பில் சரக்கை விடுவித்துத் தருபவர்) கேட்டு எழுதுங்கள். பொருள் விவரம் இன்வாய்ஸில் உள்ளது போலவே, எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். ஒருமுறை எங்கள் இன்வாய்ஸில் கடைசி வரியாக மூன்று உதிரி பல்புகள் இருந்தன. நான் தட்டச்சு செய்த சான்றிதழில் “நுண்ணோக்கி, 1” என்று மட்டும்தான் இருந்தது. பல்புக்குச் சலுகை இல்லை என்றார்கள். புதுச் சான்றிதழ் வாங்கி அனுப்புவதற்குள் கிடங்கு வாடகை பல்பு விலையைத் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிக்கோலால் வரி வரியாகப் பார்த்த பிறகுதான் கையெழுத்துக்கு அனுப்புகிறேன்.

சரி, தாள்கள் தயார். கப்பலில் வந்தால் தூத்துக்குடி, வல்லநாடு வழியாக ஒரு மணி நேரம். மென்மையான கருவிகள் பெரும்பாலும் விமானத்தில்தான் வரும், அதனால் சென்னை ஏஜென்டும் தேவைப்படலாம். கப்பல் என்றால் சரக்கு வந்து இறங்கும் நாளுக்கு முந்தைய நாளுக்குள், விமானம் என்றால் இறங்கும் நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவம், தாக்கலாக வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் 10,000. ஆகவே அங்கே சரக்கை ஏற்றும் முன்பே இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் நகல்களை மின்னஞ்சலில் வாங்கி ஏஜென்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கருவி வந்து பொருத்தியதும் அந்தத் தேதியை இருப்புப் பதிவேட்டில் எழுதுங்கள். அன்றிலிருந்து 5 ஆண்டுகளுக்கு அதை விற்கவோ வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கவோ கூடாது. நான் அதே தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் பின்பக்கத்திலும் ஒட்டிவைக்கிறேன். பக்கத்துக் கல்லூரியிலிருந்து யாராவது கேட்டு வரும்போது பதிவேட்டைத் தேட வேண்டியதில்லை.