பழைய மேமோகிராம் ஃபிலிமைத் தூக்கிப் போடாதீர்கள்

மதுரையில் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் "முன்னாடி எடுத்த படம் இருக்கா அக்கா?" என்று கேட்டால், "அது பழைய மெஷின்ல எடுத்தது, இனிமே எதுக்குன்னு போட்டுட்டோம்" என்பார்கள். டிஜிட்டலுக்கு மாறும்போது நடக்கிற தவறுகளில் எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுதான்.

இன்றைய படத்தில் தெரியும் புள்ளி இரண்டு வருடம் முன்பும் அதே அளவில் இருந்தது என்றால், தேவையில்லாத ஊசிப் பரிசோதனை தப்பலாம். புதிதாக வந்தது என்றால் டாக்டர் உஷாராவார். பழையது ஃபிலிமாக இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

அதை மெத்தைக்கு அடியில் வைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பிய்த்தால் படம் பதிந்த பூச்சே உரிந்துவிடும். உறையில் போட்டு, பீரோவில் நிற்க வையுங்கள். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து செல்போனில் எடுத்த போட்டோ போதாது. மார்பகத்தில் படியும், டாக்டர் கவனிக்க வேண்டிய சுண்ணாம்புப் (கால்சியம்) புள்ளிகள் பொடி உப்பைவிடச் சின்னதாகக்கூட இருக்கும், செல்போன் போட்டோவில் தெரியாது.

அப்புறம், 'டிஜிட்டல்' என்ற போர்டு. பழைய மெஷினிலேயே ஃபிலிம் கேசட்டுக்குப் பதில் வேறு கேசட் செருகி, அதை ரீடரில் போட்டுப் படமாக்குவதும் டிஜிட்டல்தான், அது சிஆர். கேசட்டே இல்லாமல் சில விநாடிகளில் திரையில் வருவது டிஆர். எது என்று கேட்டுவிட்டுப் போங்கள். எதுவானாலும் படங்களைப் பதிந்த சிடியை (குறுந்தகடு) கேட்டு வாங்குங்கள். பிரிண்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது.

அதற்காக டிஜிட்டல் வரட்டும் என்று உசிலம்பட்டியிலோ மேலூரிலோ பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் தவறு. சுமார் 49,500 பெண்களிடம் நடத்தி 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் ஃபிலிமும் டிஜிட்டலும் ஏறத்தாழ சமம். 50 வயதுக்கு உட்பட்டவர்கள், மாதவிலக்கு நிற்காதவர்கள், மார்பகத் திசு அடர்த்தியாக உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் டிஜிட்டல் தெளிவாக மேல்.

பரிசோதனை அன்று பவுடரும் டியோடரண்டும் வேண்டாம். அக்குளில் ஒட்டிய துகள், சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே படத்தில் விழும். மார்பகத்தை அழுத்தும்போது வலிக்கிறது என்று நகரவும் வேண்டாம். அழுத்தினால்தான் திசு விரிந்து தெரியும், கதிர்வீச்சும் குறையும். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு.

எந்த மெஷினில் எடுத்து 'நார்மல்' என்று வந்தாலும் சரி, கைக்குக் கட்டி தட்டுப்பட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். மேமோகிராமில் தெரியாத கட்டி அல்ட்ராசவுண்டில் தெரியலாம். அரசு ராஜாஜி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவிலோ உங்கள் டாக்டரிடமோ அந்த வாரமே காட்டுங்கள், பழைய ஃபிலிமையும் கையோடு எடுத்துக்கொண்டு.