மகதலா மரியா மேல் விழுந்த பழி: ஆதிக் கிறிஸ்தவர்களைப் பற்றிப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகதலா மரியா விலைமாதாக இருந்து மனம் திரும்பியவர் என்று இன்றும் மறையுரைகளில் சொல்லக் கேட்கிறோம். நான்கு நற்செய்திகளில் எதிலும் அப்படி ஒரு வரி கிடையாது. லூக்கா 8-ஆம் அதிகாரத்தில் இருப்பது இவ்வளவுதான்: அவரிடமிருந்து ஏழு பேய்கள் நீங்கின, வேறு சில பெண்களோடு சேர்ந்து, தம் கையில் இருந்ததைக் கொடுத்து இயேசுவுக்கும் சீடர்களுக்கும் உதவினார். பிறகு சிலுவையருகே நிற்கிறார். யோவான் நற்செய்தியில், உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் பார்ப்பவரும் அவர்தான்.

அப்படியானால் பழி எங்கிருந்து வந்தது? லூக்கா 7-இல் பெயர் சொல்லப்படாத ஒரு பாவிப் பெண் இயேசுவின் காலில் தைலம் பூசுகிறார். யோவான் 12-இல் லாசரின் சகோதரி, பெத்தானியா மரியா, தைலம் பூசுகிறார். 591 வாக்கில் திருத்தந்தை பெரிய கிரகோரி ரோமில் ஆற்றிய மறையுரையில் இந்த இருவரையும் மகதலா மரியாவோடு சேர்த்து ஒரே பெண்ணாக்கிவிட்டார். கிழக்குத் திருச்சபைகள் அவர்களைத் தனித்தனியாகவே நினைவுகூர்ந்தன. ரோமில் 1969-இல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. 2016-இல் அவருடைய நினைவு நாளான ஜூலை 22, திருத்தூதர்களின் நாளுக்கு இணையான விழாவாக உயர்ந்தது. பெயரோ செயலோ ஒத்துப்போனால் ஆளும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டதன் விளைவு, ஒரு பெண்ணின் பெயருக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுக் களங்கம். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

பழைய கதையை மறுக்கும் வேகத்தில் புதுக்கதைக்குத் தாவுவதும் தவறுதான். அவர் இயேசுவின் மனைவி என்று சொல்பவர்கள் காட்டுவது பிலிப்பு நற்செய்தியை. 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த சுவடிகளில் அதுவும் ஒன்று. அது மரியாவை இயேசுவின் துணைவர் என்கிறது, முத்தத்தையும் பேசுகிறது. ஆனால் எங்கே முத்தமிட்டார் என்று சொல்லும் இடத்தில் ஏடு சிதைந்திருக்கிறது. நற்செய்திகளுக்குப் பல தலைமுறை பிந்திய அந்த நூலிலும் திருமணம் நடந்ததாக எந்தச் செய்தியும் இல்லை.

ஓவியங்களைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. தமஸ்கு வழியில் பவுல் குதிரையிலிருந்து விழுவதைப் பலரும் வரைந்திருக்கிறார்கள்; அந்த நிகழ்வைச் சொல்லும் திருத்தூதர் பணிகள் நூலில் குதிரையே இல்லை. சீடர் தோமா உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தில் விரல் விட்டதாகவும் யோவான் எழுதவில்லை. தொட்டுப் பார் என்று இயேசு அழைக்கிறார், உடனே தோமா தம் நம்பிக்கையை அறிக்கையிட்டுவிடுகிறார்.

சரி, புராணக் கதைகளை மொத்தமாக ஒதுக்கிவிடலாமா? அதுவும் கூடாது. 3-ஆம் நூற்றாண்டில் சிரியாப் பகுதியில் உருவான 'தோமாவின் பணிகள்' நூலில், கொண்டபோரஸ் என்ற இந்திய அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தைத் தோமா ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அந்த அரசனும் கற்பனை என்றே பலர் எண்ணியிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவிலும் ஆப்கானிஸ்தானத்திலும் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. அரசன் உண்மை என்பதால் அரண்மனைக் கதையும் உண்மையாகிவிடாது. ஆனால் கதை எழுதியவருக்கு இந்தியாவைப் பற்றி ஏதோ உண்மைச் செய்தி எட்டியிருக்கிறது.

அதே நூலில் தோமா, வேறொரு அரசனின் ஆணைப்படி வீரர்களின் ஈட்டிக்குப் பலியாகிறார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பதிவு செய்ததோ, மயில் வேட்டைக்காரனின் குறி தவறிய அம்பு. இரண்டையும் இழுத்துப் பிடித்து ஒரே மரணமாக ஒட்ட வேண்டியதில்லை. எது எந்தக் காலத்தில், யார் சொன்னது என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டால் போதும்.