பெட்டியில் ஆறு ஆஸ்தலின்: இங்கிலாந்துக்கு வரும் வீசிங்காரர்களுக்கு

நான் வந்தபோது பெட்டியில் ஊறுகாய்க்கும் பருப்புப்பொடிக்கும் நடுவே ஆறு ஆஸ்தலின் இன்ஹேலர் இருந்தது. வீசிங் (ஆஸ்துமா இழுப்பு) வந்தால் ரெண்டு பஃப், அதுதான் வைத்தியம் என்று நினைத்திருந்தேன். முதல் குளிர்காலத்திலேயே நாலு காலி.

முதலில் ஜி.பி.யிடம் (இங்கே குடும்ப டாக்டர்) பதிவு செய்யுங்கள். காசு கிடையாது, முகவரிச் சான்றும் கட்டாயமில்லை. ஊர் மருந்தை அட்டைப்பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆஸ்தலின் என்றால் இங்கே விழிப்பார்கள், சால்பூட்டமால் என்றால் புரியும். ஃபோராகார்ட் எடுப்பவர்களுக்குச் சிம்பிகார்ட். ரெண்டிலும் புடசொனைடு, ஃபார்மோடெரால்தான்.

நீல இன்ஹேலர் (அந்த சால்பூட்டமால்தான்) மட்டும் போதும் என்றால் நர்ஸ் ஒப்புக்கொள்ள மாட்டார். அது சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்குமே தவிர உள்வீக்கத்தைத் தொடாது. இங்கே மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2024 நவம்பரில் வெளியிட்டதும் அதை மட்டும் தனியாகக் கொடுக்காதே என்கிறது. 12 வயது முதல் எல்லோருக்கும் முதல் படி, ஸ்டீராய்டும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலர், இழுப்பு வரும்போது மட்டும். அடங்காவிட்டால் அதையே தினமும் எடுத்து, இழுப்பு வந்தால் கூடுதலாகவும் எடுப்பது. இதற்குப் பெயர் 'மார்ட்'. அப்புறம் அளவு கூடும். அதற்கும் கேட்காவிட்டால் ரத்தத்தையும் மூச்சையும் சோதிப்பார்கள். ரெண்டில் ஒரு சோதனையின் அளவு உயர்ந்திருந்தாலும் நிபுணரிடம் அனுப்புவார்கள். இல்லையென்றால் மான்டிலுகாஸ்ட் மாத்திரையோ இன்னொரு வகை இன்ஹேலரோ சேரும். மான்டிலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவும் மனமாற்றமும் தரும். பிள்ளைகளுக்கு என்றால் கண்ணில் வைத்திருங்கள்.

“ஸ்டீராய்டா!” என்று அம்மா போனில் பதறினார். இன்ஹேலரில் இருப்பது மைக்ரோகிராம் கணக்குதான். எடுத்ததும் வாய் கொப்பளியுங்கள், இல்லையென்றால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படரும்.

செலவு? 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு விலக்கு உண்டு, ஆஸ்துமாவுக்கு இல்லை. எனக்கு இது இன்னும் நியாயமாகப் படவில்லை. வருஷத்துக்கு 11 மருந்துக்கு மேல் வாங்குவீர்கள் என்றால், வருஷம் முழுக்க எல்லா மருந்துக்கும் சேர்த்து 114.50 பவுண்டுக்கு முன்பணச் சீட்டு எடுத்துவிடுங்கள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் எல்லாமே இலவசம்.

இன்ஹேலர் எடுத்தும் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச மூச்சு வரவில்லையா, உடனே அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

மிச்சமிருந்த ரெண்டு ஆஸ்தலினை பார்மசியில் கொடுத்துவிட்டேன். இங்கே இன்ஹேலரைக் குப்பையில் போடக்கூடாதாம்.