மூட்டு வலி கிளம்பிய நாட்களில் வாதநோய் நிபுணரிடம் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூட்டுகள் அழற்சியால் வீங்கி இறுகிப்போகும் முடக்கு வாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ளவர்களின் விடியற்காலை அவர்கள் வீட்டாருக்கு மட்டுமே தெரியும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில், நோய் கிளம்பிய நாட்களில் என் தாயார் காலை ஆறு மணிக்குக் குழாயை விரல்களால் திருக முடியாமல் மணிக்கட்டால் தள்ளித் திறப்பார். காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அணைத்துப் பிடித்துக் குடிப்பார். ஒன்பது மணிக்கு மேல் விரல்கள் மெல்ல இளகத் தொடங்கும். புதுச்சேரிக்குப் பேருந்து ஏறிச் சென்று, சீட்டு வாங்கி, வரிசையில் காத்திருந்து மருத்துவர் முன்னால் உட்காரும்போது மணி பன்னிரண்டை நெருங்கியிருக்கும். "எப்படிம்மா இருக்கு?" என்று அவர் கேட்டால், "இப்ப பரவாயில்லைங்க டாக்டர்" என்று கையை மடக்கிக் காட்டிவிடுவார். ஆறு மணிக்கு இருந்த கை மருத்துவரின் கண்ணில் படாமலேயே போய்விடும்.

நோயின் கடுமையை மருத்துவர் கணிப்பதற்கு அந்த ஆறு மணிக் கையே முக்கியமான ஆதாரம். ஆகவே, விரல்களும் மணிக்கட்டும் வீங்கியிருக்கும்போதே வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், எழுந்ததிலிருந்து எத்தனை நிமிடம் கழித்துக் கை இளகியது என்பதை நாள்காட்டித் தாளிலேயே குறித்து வைப்பதும் நல்லது. வீக்கத்துடன் கூடிய காலை இறுக்கம் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மூட்டில் அழற்சி இருக்கக்கூடும். மூட்டுத் தேய்மானத்தில் இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். "ரொம்ப வலி" என்ற சொல்லிலிருந்து மருத்துவரால் இந்த வேறுபாட்டைப் பிரித்தெடுக்க முடியாது.

நாங்கள் செய்த பெரிய தவறு வேறொன்று. இரண்டு முழங்கால்களும் வீங்கி, அம்மாவால் படியிறங்க முடியாமல் போனபோது, நிபுணரைப் பார்க்க இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. அதுவரை தாங்கட்டும் என்று அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டோம். மறுநாளே எழுந்து நடந்தார்; வீடே மகிழ்ந்தது. நான்காம் நாள் நிபுணர் ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தபோது வீக்கமும் இல்லை, சூடும் இல்லை. என்ன ஊசி என்று கேட்டார். எங்களிடம் மருந்துச் சீட்டு இல்லை. அழற்சியை வேகமாக அடக்கிவிடும் ஸ்டீராய்டாக அது இருந்திருக்க வேண்டும் என்றார். மருந்தின் அளவைக் கூட்டுவதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்று அன்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. சில வாரங்களில் வலி பழையபடி திரும்பியது.

ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோய் கிளம்பிய நாட்களில் நிபுணர்களே அதைக் குறைந்த அளவில், குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுப்பதுண்டு. பெயர் தெரியாத ஊசியைப் போட்டுக்கொள்வதும், போட்டுக்கொண்டதை நிபுணரிடம் மறைப்பதும்தான் தவறு. பல வாரங்களாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வருபவர், வலி அடங்கியது என்று தாமாகவே ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. உடல் சொந்தமாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு ஹார்மோனைச் சுரக்காமல், வாந்தியும் தளர்ச்சியும் வந்து இரத்த அழுத்தம் இறங்கிவிடலாம். பெயர் எழுதாத பொட்டலங்களில் விற்கப்படும் வாதப்பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததும் பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. அப்படி எதையாவது சாப்பிட்டிருந்தால், மருத்துவர் திட்டுவார் என்று அஞ்சாமல் அந்தப் பொட்டலத்தையே எடுத்துச் செல்லுங்கள்.

மாத்திரை உறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முடக்கு வாதத்துக்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. மருந்துக்கடை உறையில் 1-0-0 என்று எழுதியிருந்தால், மற்ற மாத்திரைகளைப் போல இதையும் தினமும் காலையில் விழுங்கிவிட வாய்ப்புண்டு. வலி தாங்காத நாட்களில் "கூட ஒன்று போட்டால் கேட்கும்" என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தினமும் சாப்பிட்டால் வாயில் புண் வரும், இரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்தாகலாம். எங்கள் வீட்டில் அந்த அட்டையைத் தனி டப்பாவில் வைத்து, மூடியில் "புதன் மட்டும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இதன் பக்கவிளைவுகளைக் குறைப்பதற்காகத் தரப்படும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை எந்த நாளில் சாப்பிடுவது என்பதையும் மருத்துவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்யத் தொடங்கவே ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் வலி கிளம்பியதும் "இந்த டாக்டர் மருந்து கேட்கவில்லை" என்று அடுத்தவரிடம் போய், அவரிடம் முதலிலிருந்து தொடங்குவது மிகவும் பரவலான தவறு. இரண்டாவது கருத்துக் கேட்பதில் பிழையில்லை. பழைய சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் பிழை.

பரிசோதனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடக்கு வாதத்துக்காக இரத்தத்தில் பார்க்கப்படும் ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை என்று வந்தால் முடக்கு வாதமே இல்லை என்று பொருளாகாது. முடக்கு வாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது அது இருப்பதில்லை. அழற்சியின் அளவைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆகவே, விடியற்காலையிலிருந்து பட்டினி கிடந்து, வெறும் வயிற்றில் வலி மாத்திரையையும் போட்டுக்கொண்டு பேருந்தில் வர வேண்டாம்.

எந்தத் துறைக்குப் போவது என்பதிலும் பலர் ஒரு நாளை இழக்கிறார்கள். மூட்டு வலி என்றதும் கால்கள் தாமாகவே எலும்பு மருத்துவரை நோக்கிப் போகின்றன. ஆனால் முடக்கு வாதத்தைப் பார்ப்பவர் வாதநோய் நிபுணர்; புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இந்நோய்களைப் பார்க்கும் துறைக்குக் கிளினிக்கல் இம்யூனாலஜி என்று பெயர். பதிவு செய்யும்போது வெறுமனே "மூட்டு வலி" என்று சொல்லாமல், முடக்கு வாதத்துக்கு மருந்து சாப்பிட்டு வருவதையும், எத்தனை மூட்டுகள் வீங்கியுள்ளன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அண்மையில் காய்ச்சலும் உடம்பெல்லாம் வலியும் வந்து போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிக்குன்குனியாவுக்குப் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டு வலி முடக்கு வாதத்தைப் போலவே தோன்றும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வலி கூடினால், "ஈரக்காற்றுதான், தைப் பொங்கலுக்குள் சரியாகிவிடும்" என்று எங்கள் பக்கத்தில் ஒத்திப்போடுவார்கள். அந்த மாதங்களில் மூட்டுக்குள் அழற்சி நடந்துகொண்டிருந்தால், குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்பட்டு, மீண்டும் நேராகாத அளவுக்கு விரல்கள் கோணலாம். புயல் மாதங்களில் மாத்திரை தீரும்வரை காத்திருக்கவும் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு, மருந்துக்கடை திறக்காத நாட்கள் எப்படியிருக்கும் என்று தெரியும். ஒரு மாதத்துக்கான மாத்திரையாவது முன்கூட்டியே கையில் இருக்கட்டும்.

மேலே சொன்ன காத்திருப்பும் குறிப்பெடுப்பும் ஒரு நிலைக்கு மட்டும் பொருந்தாது. ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, தொட முடியாத அளவுக்குச் சூடாகி, காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால், அது வழக்கமாகக் கிளம்பும் வாத வலியாக இல்லாமல் மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். வாதநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைந்திருப்பதால் இந்த ஆபத்து மேலும் அதிகம். அப்போது நிபுணரைப் பார்க்கும் தேதிக்காகக் காத்திராமல், அது இரவாக இருந்தாலும், அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே செல்ல வேண்டும்.